அத்தர் மணந்த மெமரி கார்ட்

2009 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. சுபஹ் தொழுதேன். கிணற்றடியில் இரண்டு வாளி துணி அலசிக் கொடியில் போட்டேன். கணவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, சிறுபோக அறுவடையைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் சவளக்கடைக்குப் போனார். ஜும்ஆவுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அமிலமும் காரமும், ஒன்பதாம் வகுப்புக்கு மின்சுற்று. வெள்ளிக்கிழமை என்பதால் முற்பகலோடு மணி அடித்தார்கள். வீட்டுக்கு வந்து பாரைமீன் ஆணத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, முதல் நாள் கல்யாண வீட்டில் எடுத்த படங்களைப் பார்க்கலாம் என்று கமராவை எடுத்து மேசையில் உட்கார்ந்தேன்.

பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரே வரிதான் வந்தது. கார்ட் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

கார்ட் இருக்கும் மூடியைத் திறந்தேன். பற்றரி இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த ஒடுங்கிய பிளவு வெறுமையாகக் கிடந்தது.

அந்தக் கமராவை நான் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம் யுத்தம் முடிந்தது. ஜூனில் ஒரு கருத்தரங்குக்காகக் கொழும்புக்குப் போனபோது, வருடக்கணக்காக மனதில் வைத்திருந்ததைச் செய்தேன். அதற்கு முன்பு கமராவோடு பயணம் போவது வீண் தொல்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையைக் கவிழ்த்து, எதைப் படம் எடுத்தாய், எதற்கு எடுத்தாய் என்று கேட்பார்கள். இந்த முறை திரும்பி வரும்போது ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்து பார்த்தார், கமரா எத்தனை மெகாபிக்சல் என்று விசாரித்தார், நல்ல சாமான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதை நான் அன்றைய நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன்.

கமராவோடு வந்த கார்ட் மிகச் சிறியது. பத்துப் பன்னிரண்டு படத்துக்குள் நிறைந்துவிடும். அதனால் கடைக்காரர் சொன்னபடி பெரிய கார்ட் ஒன்றும் தனியாக வாங்கினேன். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன். ஊருக்கு வந்து சில நாட்களிலேயே எங்கள் தெருப் பெண்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஸ்டூடியோக்காரர்கள் ஆண்கள். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் அவர்கள் வரமுடியாது. வந்தாலும் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் எடுத்தால் சிரிப்பார்கள், பூ வைத்த கொண்டையைத் திருப்பிக் காட்டுவார்கள். படத்தை வேறு ஆண் கண்ணில் காட்டமாட்டேன் என்பது நான் கொடுத்த வாக்கு.

வியாழக்கிழமைக் கல்யாணம் சாதாரணக் கல்யாணம் அல்ல. மணப்பெண்ணின் உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். சுனாமியில் கடல் வந்த அன்று கல்முனைக்குடிக் கரையில் இருந்த அவளுடைய வீடும் போனது, கணவரும் போனார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே மகளுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு அவள் குவைத்துக்குப் போனாள். கடலிலிருந்து விலகி, வயல் பக்கமாக ஒரு துண்டுக் காணி வாங்கி, வீட்டைக் கட்டி முடித்தாள். எல்லாம் தொலைபேசியிலேயே நடந்தது. அத்திவாரம் வெட்டியதையோ கூரை போட்டதையோ அவள் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வர லீவு கேட்டாள். வீட்டு எஜமானிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, இப்போது விடமுடியாது என்றுவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பு அவள் என்னோடு கதைத்தாள். தன்னுடைய கல்யாண அல்பமும் கடலோடு போய்விட்டது என்று சொன்னாள். பிறகு ஒன்று கேட்டாள். அதை அப்படியே எழுதுகிறேன்; எங்கள் பக்கம் ராத்தா என்றால் அக்கா.

"ராத்தா, மேடைப் படமெல்லாம் எப்பிடி வந்தாலும் பரவால்ல. என்ட மகள கல்யாண உடுப்போட வாசல்ல நிப்பாட்டி, ஊடு முழுக்கத் தெரிய ஒண்டு எடுங்க. ஊடும் அவளும் ஒரே படத்துல வேணும் எனக்கு."

மாப்பிள்ளை வரும் நாளில் மணப்பெண் முற்றத்துக்கு வருவது எங்கள் வழக்கம் இல்லை. பந்தல் முழுக்க ஆண்கள். நான் ஒரு நேரத்தைக் கண்டுபிடித்தேன். அசர் பாங்கு சொன்னதும் பந்தலில் இருந்த ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். பெண்ணின் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, தெருப் படலையில் காவல் நின்றாள். பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் மதிலோடு முதுகு ஒட்டும் வரை பின்னால் போய், முழு வீட்டையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து எடுத்தேன். திரையில் பார்த்தேன். ஓடு, இரண்டு யன்னல், கதவு, பெண் எல்லாம் இருந்தன.

அந்தப் படமும் மற்ற எல்லாப் படங்களும் இருந்த கார்ட்தான் இப்போது இல்லை. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி குவைத்துக்குத் திரும்புகிறாள், அன்று மாலை மஃரிபு தொழுததும் அவளுடைய வேன் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படும். அச்சடித்த படங்களை அவள் கையில் கொடுத்துவிடுவதாக உம்மாவுக்குச் சொல்லியிருந்தோம். அதன் பிறகு போகிற ஆள் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

அடுப்பை அணைத்தேன். மேசை, பை, கட்டில், முதல் நாள் உடுத்த சாரியின் மடிப்பு என்று ஒன்றொன்றாகத் தேடினேன். பிறகு கல்யாண வீட்டுக்குப் போகக் கதவைத் திறந்தால், சாச்சி வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு வட்டிலப்பத் தட்டு.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அதுக்கா ராத்தா இப்பிடி வேர்த்துப்போய் நிக்கிறீங்க? அது எங்கட ஊட்டுலதான் இரிக்கி. பொன் வெச்ச டின்னுக்குள்ள பத்திரமாக் கிடக்கு."

"எதுகா கிடக்கு?"

"அதுதான், போட்டோ எல்லாம் இரிக்கிற அந்தத் துண்டு. நீங்க சஹன் தட்டுல கூடி இரிந்து சாப்பிடக்குள்ள கமரா சும்மா அலுமாரிக்கு மேல கிடந்த. கதிர எடுக்கிறெண்டு பொடியனுகள் உள்ளுக்கும் வெளியிலயும் ஓடித் திரியிறானுகள். எங்க எல்லார்ட தலையும் அதுக்குள்ள தொறந்து கிடக்கே. அதான் கழட்டி ஒளிச்ச நான்."

கார்டை அமுக்கினால் வெளியே வரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன கிழமை நான்தான் காட்டினேனாம். அது உண்மை. காட்டியதைக் கவனமாகப் பார்த்திருக்கிறாள். அடுத்ததாக, தன் கவனத்துக்கு இன்னும் ஒரு சான்றும் சொன்னாள்.

"பொன்னுக்கு வெக்கிற மாதிரி அத்தர்ப் பஞ்சு சுத்தித்தான் வெச்ச. நாத்தம் புடிக்காதே."

எங்கள் வீடுகளில் நகையும் பட்டுச் சாரியும் அப்படித்தான் வைக்கப்படும். அத்தரில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் வைத்தால் பெட்டி முழுக்க மணக்கும். சாச்சி அதை மூலையில் வைக்கவில்லை. கார்டைப் பஞ்சாலேயே சுற்றிவிட்டாள். அதுவும் குவைத்திலிருந்து அக்கா அனுப்பிய கெட்டியான ஊத் அத்தர்.

அவள் ஓடிப்போய் டின்னைக் கொண்டுவந்தாள். பஞ்சைப் பிரித்தேன். கார்டின் பின்புறம் வரிசையாக இருக்கும் பொன்னிறத் தகடுகளில் எண்ணெய் பளபளத்தது. பஞ்சு இழைகளும் ஒட்டியிருந்தன. கமராவில் போடுவதற்கு முன்பு சாரித் தலைப்பால் துடைக்கலாம் என்று சாச்சி கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். இழைகளை மட்டும் ஊசியால் எடுத்துவிட்டு, கார்டைக் கமராவில் போட்டேன்.

கார்டில் பிழை என்று திரை சொன்னது.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். டின்னை மேசையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய தொலைபேசி அடித்தது. குவைத் எண். அவள் எடுக்கவில்லை.

"என்னத்தச் சொல்ற ராத்தா? பொன்ன விடப் பத்திரமா வெச்ச நானே."

ஜும்ஆ முடிந்து வந்த கணவர், பஸாரில் இருக்கும் ஸ்டூடியோவில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள் என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் பார்ப்பதென்றால் எல்லாப் படங்களையும் பார்ப்பார்கள். கார்டில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் இருந்தார்கள், நான் கொடுத்த வாக்கை நம்பி. அவருக்கு அதைச் சொன்னதும், தலையை ஆட்டிவிட்டு ஆணத்தைச் சூடாக்கப் போய்விட்டார். அன்று அவர்தான் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

சாச்சி இன்னொரு யோசனை சொன்னாள். பெண்ணை மறுபடி உடுத்தி, அசருக்கு அதே வாசலில் நிறுத்தி, அதே மாதிரி எடுத்துவிடலாம். நகை பாதி இரவல், காலையிலேயே போய்விட்டது. ஆனாலும் கவரிங் போடலாம். பெண்ணிடம் கேட்க ஆள் அனுப்பினாள். போன சுருக்கில் பதில் வந்தது. உம்மாவுக்கு நேற்றைய நாள்தான் வேண்டும், நடித்துக் காட்ட ஏலாது என்றாள். எனக்கு அந்தப் பிள்ளை மேல் மரியாதை கூடியது.

நான் மேசையைத் துடைத்து, வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்து, ஒழுங்காக வேலையைத் தொடங்கினேன். காலையில்தான் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்: மின்குமிழ் எரியவில்லையென்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதே, ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் கமராவோடு வந்த சின்னக் கார்டைப் போட்டேன். அது வேலை செய்தது. கொடியில் காய்ந்த துணியை ஒரு படம் எடுத்தேன், பதிந்தது. ஆகவே கமராவில் குற்றம் இல்லை. பெரிய கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சிறு பூட்டு விசையைப் பார்த்தேன். அது சரியான பக்கத்தில்தான் இருந்தது. மிஞ்சியது அந்தப் பொன்னிறத் தகடுகள். அவை கமராவின் ஊசிகளைத் தொடவேண்டும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் மின் ஓடாது.

வீட்டில் காயத்துக்குப் போடும் ஸ்பிரிட் இருந்தது. பஞ்சு மறுபடி இழை விடும் என்பதால் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியின் ஒரு முனையை மட்டும் நனைத்து, பிழிந்து, தகடுகளை ஒரே திசையில் துடைத்தேன். துணியில் மஞ்சள் கறை ஏறியது. இன்னொரு முனை. பிறகு இன்னொன்று. கறை வராத வரைக்கும் துடைத்தேன். சாச்சி ஊதி உலர்த்த வாயைக் கொண்டுவந்தாள்.

"ஊதாதகா. எச்சில் படும்."

"பிஸ்மி சொல்லித்தான் ஊதப்போற."

"பிஸ்மிய தூர நிண்டு சொல்லு."

அவள் தூர நின்று சொன்னாள். நானும் சொன்னேன். யன்னல் ஓரத்தில், நிழலில், காற்றுப்பட வைத்துவிட்டு லுஹர் தொழுதேன். ஸ்பிரிட் முழுக்க ஆவியாகிவிட்டதை முகர்ந்து பார்த்தேன். அத்தர் மட்டும் இன்னும் மணத்தது. கார்டைப் போட்டு, மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்தினேன்.

முதலில் வந்தது வட்டிலப்பம் அவிக்கும் படம். அடுத்தது மருதோன்றிக் கைகள். நான் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனேன். வாசல் படம் வந்தது.

சாச்சி திரையைத் தொடாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். பிறகு என் வீட்டு நடு அறையில் நின்று குரவை போட்டாள். கணவர் சத்தம் கேட்டு எழுந்து வந்து, கதவடியிலேயே நின்று எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் படம் இன்னும் கடதாசிக்கு வரவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் பெண் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறாள். அவளிடம் படக் கடதாசியில் அச்சடிக்கும் மெசினும் இருக்கிறது. அன்று வகுப்பு இல்லை. நாங்கள் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். அவள் அதை வாங்கி முகர்ந்தாள்.

"டீச்சர், இதுக்கும் மாப்புள பாத்தாச்சா?"

அவளுடைய கார்ட் வாசிப்பான் பழையது, வயர் முடிந்த இடத்தில் சிவப்பு டேப் சுற்றியது. கார்டைச் செருகினாள். கொம்பியூட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்த டிஸ்க் ஃபோமட் செய்யப்படவில்லை, இப்போது புதிதாக வடிவமைக்கவா, ஆமா, இல்லையா என்று கேட்டது. அவள் கழற்றி மறுபடி செருகினாள். அதே கேள்வி.

"கார்ட் செத்துப்போச்சி டீச்சர். ஓம் எண்டு குடுத்தா கார்ட் வேலை செய்யும். உள்ளுக்கு இரிந்ததெல்லாம் போயிரும்."

மவுஸின் மேல் இருந்த அவளுடைய விரலை நான் பிடித்துக்கொண்டேன். அது எனக்கே பிறகுதான் தெரிந்தது. சாச்சியின் தொலைபேசி இரண்டாம் முறையாக அடித்தது. அவள் அதைத் துணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள்.

செத்துப்போகவில்லை, கால்மணி நேரத்துக்கு முன்பு என் கண்ணால் பார்த்தேன் என்றேன். கமராவில் தெரிகிற படம் கொம்பியூட்டரில் தெரியாமல் போகுமா என்று அவள் கேட்டாள். அது நியாயமான கேள்வி. அதனால் அதையே சோதித்தோம். நான் வீட்டுக்குப் போய்ச் சின்னக் கார்டைக் கொண்டுவந்தேன். அவளுடைய வாசிப்பான் அதை உடனே வாசித்தது. கொடியில் காய்ந்த என் துணிகள் அவளுடைய திரை முழுக்க விரிந்தன. பெரிய கார்டைப் போட்டால் மட்டும் வடிவமைக்கவா என்று கேட்கிறது. அப்போதுதான் கையேட்டில் வாசித்த ஒரு பந்தி நினைவுக்கு வந்தது. கூடிய கொள்ளளவு உள்ள புதிய வகைக் கார்டைப் பழைய வாசிப்பான்களுக்குத் தெரியாது, அளவும் வடிவும் ஒன்றுதான் என்றாலும். கார்ட் நல்லது, கமராவும் நல்லது. அந்த வாசிப்பானுக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை.

"அப்ப என்ட மெசினுக்குத்தான் படிப்பு இல்ல எண்டுறீங்க," என்றாள் அவள்.

"வயசு போயிட்டு. வேறொண்டும் இல்ல."

கமராவுக்குத் தெரியுமென்றால் கமராவையே கொம்பியூட்டரோடு தொடுத்தால் போதும். அதற்கான வயர் பெட்டியில், முடிச்சுக் கம்பிகூட அவிழ்க்கப்படாமல் இருந்தது. மறுபடி வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது சரிதான். எங்கள் தெருவில் என்னை ஓடக் கண்டவர்கள் அதுவரை இல்லை.

கார்டைக் கமராவில் போட்டு, வயரின் ஒரு முனையைக் கமராவிலும் மறுமுனையைக் கொம்பியூட்டரிலும் செருகி, கமராவை எழுப்பினேன். ஒரு மணி ஓசை வந்தது. பிறகு சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் மேலிருந்து கீழே நிறையத் தொடங்கின. முழுவதையும் கொம்பியூட்டருக்கு எடுத்தோம், இரண்டு சீடியில் பதிந்தோம், சீடிகளைத் திறந்து பார்த்தோம். அதற்குப் பிறகே அவளுடைய கொம்பியூட்டரில் இருந்து அழித்தோம். அச்சடிக்கத் தெரிந்தெடுத்தவற்றில் வாசல் படம் முதலாவது, அது மட்டும் முழுப் பக்க அளவு.

தொலைபேசி மூன்றாம் முறை அடித்தபோது சாச்சி அதை என் கையில் தந்துவிட்டாள்.

பெண்ணின் உம்மா சலாம் சொன்னாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பிந்தி எடுத்ததிலேயே ஏதோ விளங்கிவிட்டது போலும்.

"படம் என்ட கையில இரிக்கி தங்கச்சி. கடதாசியில. மை இப்பதான் காயுது," என்றேன்.

மறுபக்கத்தில் ஒரு குழந்தை அழுதது, எங்கோ தண்ணீர் ஓடியது. பிறகு அவள் கேட்டாள்.

"கூர நேரா இரிக்கா ராத்தா?"

நான் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். சும்மா சொல்லக்கூடாது என்று, அங்கே கிடந்த அடிமட்டத்தை ஓட்டு விளிம்பில் வைத்தே பார்த்தேன்.

"நேரா இரிக்கி. கதவு பச்ச நிறம். மகள் வலது கையால நிலையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. அவட தலைக்கும் நிலைக்கும் நடுவுல இன்னும் ஒரு முழம் இரிக்கி."

"அப்ப மேசன் சொன்னது சரிதான். ஒசத்தித்தான் வெச்சிரிக்கான்," என்றாள். அவள் அழுதாளா என்று தெரியாது. குரல் தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று கேட்கலாமா என்றாள். கல்யாணம் முடிந்து இரண்டு நாள் பெண் அடுப்படிக்குப் போகமாட்டாள், சாச்சிதான் சமைக்கிறாள். சனிக்கிழமை காலையில் மகள் முதல் முதலாகத் தன் குசினியில் தேத்தண்ணி வைப்பாள். "அந்த அடுப்பையும் நான் காணல்ல ராத்தா. அவ தேத்தண்ணி ஊத்தக்குள்ள ஒண்டு எடுத்து வைங்க. ஆள் வரக்குள்ள அனுப்பலாம்."

எடுக்கிறேன் என்றேன்.

மஃரிபுக்கு முன்பே உறையோடு வேன் நிற்கும் வீட்டுக்குப் போய்விட்டோம். பயணம் போகிறவள் உறையைப் பெட்டியில் வைக்கப் போனாள். சாச்சி விடவில்லை, கைப்பைக்குள் வைக்கச் சொன்னாள். உள்ளே பத்திரத்துக்கு எதையும் வைத்துச் சுற்றவேண்டாம் என்று அவளே எச்சரித்தாள். பயணக்காரி ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் உறையின் வாயை ஒட்டினேன். தொழுகை முடிந்ததும் வேன் புறப்பட்டது. அன்று இரவு நாட்குறிப்பில் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதினேன். வழக்கத்தில் ஐந்து வரிதான்.

சனிக்கிழமை காலை, சுபஹ் தொழுததும் முதல் வேலையாகக் கமராவோடு அந்த வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. பெண் குசினியில் கேத்தலை இறக்கி, சீனி போட்ட இரண்டு கோப்பைகளில் தேயிலைச் சாயத்தை ஊற்றினாள். அடுப்பும் அவளும் யன்னல் வெளிச்சமும் சட்டத்துக்குள் வரும் வரை கதவோரம் நகர்ந்து, ஆவி மேலே எழும்பும்போது எடுத்தேன்.